தடுப்பும் உடம்பும்

செயல்முறை ரைஃபிள் போட்டியில் எந்த நிலையில் சுட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் மண்டியிடுதல், படுத்தல், நிற்றல் என்பது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே கெட்டியான கான்வாஸ் மேலங்கியும் கையுறையும் தட்டை அடிக் காலணியும் உடம்பைத் தூண்போல நிறுத்திவைக்கும். இங்கே அவை எதுவும் கிடையாது. தடுப்பாக ஒரு மரச்சட்டம் இருக்கும், அதில் ஒரு ஓட்டை இருக்கும், ஓட்டைக்கு அப்பால் இலக்கு இருக்கும். நிற்பதா, குனிவதா, சேற்றில் விழுவதா என்பது சுடுபவர் பாடு. காகிதத்தில் இப்படி. களத்தில் பெரும்பாலும் அந்த முடிவைத் தடுப்பே எடுத்துவிடுகிறது. சுடுபவருக்கு மிஞ்சுவது, அதற்கு எவ்வளவு சீக்கிரம் உடம்பை ஒப்புக்கொடுப்பது என்பதுதான்.

இந்த விளையாட்டின் மூலம் அமெரிக்கா. 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பிக் பேர் மலைப்பகுதியில், முன்னாள் மரைன் படை அதிகாரி ஜெஃப் கூப்பரும் அவருடைய கூட்டாளிகளும் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு தொடங்கிய போட்டிகள் வளர்ந்து, 1976 மே மாதம் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் சர்வதேசக் கூட்டமைப்பு ஆயின. சுருக்கமாக ஐ.பி.எஸ்.சி. முதல் தலைவர் கூப்பர்தான். துல்லியம், வலு, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள் அதன் குறிக்கோள். ரைஃபிள் மெதுவாகத்தான் உள்ளே வந்தது. ரைஃபிளுக்கென்று தனி உலகப் போட்டி 2017இல்தான் முதன்முதலாக நடந்தது, ரஷ்யாவின் குபின்காவில். அடுத்தது 2019இல் ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகாவில்.

பிரிட்டனில் இதே விளையாட்டு கொஞ்சம் வேறு முகத்தோடு நடக்கிறது. 1987 ஆகஸ்டில் ஹங்கர்ஃபோர்டு என்ற சிறு நகரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். மறு ஆண்டு வந்த சட்டம், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பெரிய ரக ரைஃபிள்களை மக்கள் கையிலிருந்து எடுத்துவிட்டது. விதிவிலக்காகத் தப்பியது .22 மட்டும். அதனால் அங்குள்ள போட்டியாளர் தோளில் இருப்பது பார்வைக்கு ஏஆர்-15 மாதிரியே இருந்தாலும், உள்ளே வாயுக் குழாய் கிடையாது. ஒவ்வொரு சூட்டுக்கும் வலப்பக்கத்துக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து விட வேண்டும். நம்மூர்க் காவலர் தோளில் பல தலைமுறை தொங்கிய .303இன் போல்ட்டைப் போலத் தூக்கித் திருப்ப வேண்டியதில்லை, நேராக இழுத்தால் போதும். ஆனாலும் கை பிடியை விட்டு வந்தாக வேண்டும். இடையில் சிலர் நெம்புகோலைத் தட்டினால் போல்ட் மூடும்படி ஒரு தந்திரம் செய்தார்கள். 2019இன் ஆயுதச் சட்டம் அதையும் தடைசெய்தது. நிலைகளைப் பற்றிப் படிக்க பிரிட்டிஷ் போட்டியைவிட நல்ல இடம் இல்லை. தானியங்கியில் மறைந்துபோகிற குறைகள் எல்லாம் அங்கே ஒவ்வொரு சூட்டுக்கும் இடையே வெளியே தெரிந்துவிடும்.

நின்று சுடும் நிலையிலிருந்து தொடங்கலாம். பழைய முறையில் உடம்பு இலக்குக்குப் பக்கவாட்டாக இருக்கும். வலது முழங்கை சிறகுபோல் உயர்ந்திருக்கும், இடது முழங்கை விலாவில் ஊன்றியிருக்கும். பிஸ்லி மைதானத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பழகிய நிற்றல் அது. பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1859இல் தொடங்கி, விம்பிள்டனில் சுட்டுக்கொண்டிருந்து, 1890இல் சர்ரே மாவட்டத்தின் புதர்க்காட்டு நிலமான பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. ஒரு குண்டு சுட்டு, மூச்சு வாங்கி, மறுபடி சுடுகிறவருக்கு அந்த நிற்றல் அருமையானது. இரண்டு இலக்குக்கு நான்கு குண்டை மூன்று விநாடியில் அனுப்ப வேண்டியவருக்கு அது உதவாது. முதல் உதையிலேயே மேல் உடம்பு பின்னால் சாய்ந்துவிடும். செயல்முறைப் போட்டியில் நெஞ்சு இலக்கை நேராகப் பார்க்கிறது, இடது கால் ஓரடி முன்னே இருக்கிறது, இடுப்புக்கு மேல் பகுதி சற்று முன்னால் சாய்கிறது. முழங்கைகள் தரையைப் பார்க்கின்றன. இடது கை குழலுறையில் எட்டும் மட்டும் முன்னே போய் ரைஃபிளைத் தோளுக்குள் இழுத்து வைக்கிறது.

கடைசியாகச் சொன்ன அந்த இழுவைதான் பிரிட்டிஷ் ரைஃபிளில் உயிர்நாடி. வலது கை போல்ட்டுக்குப் போகும் அரை விநாடியில் ரைஃபிளைத் தாங்குவது இடது கையும் தோளும் கன்னமும் மட்டுமே. இடது கை சும்மா கீழே தாங்கிக்கொண்டிருந்தால் முனை சரிந்து, கன்னம் கட்டையை விட்டு எழும்பி, ஸ்கோப்பில் கருவளையம் விழும். பிறகு இலக்கை மறுபடி தேட வேண்டும். நல்ல போட்டியாளர் போல்ட்டை இழுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் தலை அசையாது. கண் திறந்தே இருக்கும். கை மட்டும் தனியாக ஒரு வேலை செய்துவிட்டுத் திரும்பும்.

மண்டியிடுதலில் இரண்டு வகை உண்டு. குதிகாலின் மேல் உட்கார்ந்து, இடது முழங்கையை இடது முழங்காலில் ஊன்றுவது தாழ்ந்த மண்டி. எலும்பின் மேல் எலும்பு வைத்தால் உருளும் என்பதால், முழங்கையின் முனையை முழங்கால் சில்லுக்கு அப்பால் தள்ளி, மேற்கையின் சதைப்பகுதியைச் சில்லின்மேல் படுக்க வைப்பார்கள். உடம்பை நிமிர்த்தி, ஒரு முழங்காலை மட்டும் தரையில் வைப்பது உயர்ந்த மண்டி. அதில் முழங்கைக்கு ஊன்று கிடையாது, ஆனால் போகும் வேகத்திலேயே விழுந்து அதே வேகத்தில் எழலாம். இரண்டு முழங்காலையும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எழும்போது அதற்கான விலையைக் கொடுப்பார்கள்.

குந்தி உட்காரும் நிலை தரையில் புழங்கிப் பழகிய நாட்டவருக்கு இயல்பாக வரும். இரு பாதமும் முழுதாக மண்ணில் பதிய, மேற்கைகள் முழங்கால்களுக்கு முன்னே விழ, உடம்பு தானே பூட்டிக்கொள்ளும். சேற்றில் முழங்கால் படாது, எழுவதும் எளிது. நாற்காலியிலேயே வளர்ந்த ஐரோப்பியருக்கு இதில் குதிகால் தூக்கிக்கொள்கிறது, பின்பக்கம் சாய்கிறார்கள். அதனால் அங்கே இந்த அருமையான நிலையை அதிகம் பார்க்க முடியாது. சப்பணமிட்டோ காலை விரித்தோ அமர்ந்து சுடுவது இன்னும் அரிது. பள்ளத்தை நோக்கிச் சரியும் சரிவில் மட்டும் அதற்கு ஈடில்லை.

படுத்த நிலை எல்லாவற்றிலும் உறுதியானது, என்.சி.சி. முகாமில் .22ஐப் படுத்துச் சுட்டுப் பார்த்தவர்களுக்கும் தெரிந்ததுதான். வார்ப்பட்டையை மேற்கையில் இறுக்கிச் சுடும் பிஸ்லிக்காரர் இலக்குக் கோட்டுக்குச் சாய்வாகப் படுப்பார், வலது முழங்காலைச் சற்று மேலே இழுத்துக்கொள்வார்; மார்பு அழுந்தாமல் மூச்சுக்கு இடம் கிடைக்கும். முன்னால் இருகால் தாங்கி வைத்துச் சுடுகிறவர் ரைஃபிளுக்கு நேர் பின்னால் படுப்பார். உதை நேராகத் தோளுக்குள் வந்து முதுகெலும்பு வழியே போய்விடும், குறி அதே இடத்துக்குத் திரும்பும். சாய்ந்து படுத்தால் ஒவ்வொரு உதைக்கும் முனை ஒரு பக்கமாகத் துள்ளும். போல்ட் இழுக்கும் ரைஃபிளில் மேகசினின் அடியைத் தரையில் ஊன்றிவிடுவது பலருக்குக் கைகொடுக்கிறது. மேகசினை ஊன்றினால் தோட்டா சிக்கும் என்று பழையவர்கள் எச்சரிப்பார்கள். நல்ல மேகசினில் அப்படி நடப்பதில்லை.

எந்த நிலையானாலும் ஒரு சோதனை பொது. குறி வைத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டுத் திறந்தால் குறி அங்கேயே இருக்க வேண்டும். நகர்ந்திருந்தால், அதுவரை ரைஃபிளை அங்கே நிறுத்தியிருந்தது தசை. தசை களைக்கும், எலும்பு களைக்காது. கையால் தள்ளி குறியைத் திருத்தக் கூடாது. இடுப்பை, காலை நகர்த்தித் திருத்த வேண்டும். ஒரே இடத்திலிருந்து நான்கு இலக்கு என்றால் நான்குக்கும் நடுவே உடம்பை வைப்பது புதியவர் வழக்கம். அனுபவம் உள்ளவர் தூரத்துச் சிறிய இரும்புத் தகட்டுக்கு நேராகக் காலை வைத்துக்கொண்டு, பக்கத்துக் காகித இலக்குகளை இடுப்பைத் திருகி முடிப்பார். கிட்டத்து இலக்கு கோணலைப் பொறுத்துக்கொள்ளும்.

இனித் தடுப்பு. அதைக் கோட்டைச் சுவராக நினைத்துக்கொண்டு வருகிறவர் ஏமாந்துபோவார். மரச்சட்டத்தில் ஆணியடித்த பிளாஸ்டிக் வலைதான் பெரும்பாலும். நாற்றங்காலுக்கு மேலே கட்டும் நிழல்வலை போன்றது. காற்றுக்கு ஆடும், அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் அதற்கு ஊடே சுட முடியாது. விதிப்படி அது குண்டு துளைக்காத சுவர். குண்டு முழுதாக வலைக்குள் புகுந்து இலக்கில் பட்டால் அந்த அடி கணக்கில் சேராது. ரைஃபிள் குண்டுக்கு மரச்சட்டமும் பீப்பாயும் ஒரு பொருட்டே இல்லை என்பதால், உண்மையான காப்பை வைத்துப் போட்டி நடத்துவது முடியாத காரியம். காப்பு என்பது ஏட்டில் எழுதிவைத்த ஒப்பந்தம். நடுவர் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் வலை பயன்படுகிறது: விரல் எங்கே, முனை எங்கே என்று அவர் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே ஓடிவருவார்.

தரையில் மரக்கட்டைக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டிக் கால் மண்ணில் பட்டபடி சுட்டால் அபராதம். வலையும் கோடும் சேர்ந்துதான் பார்வையை அறுக்கின்றன. இந்த மூலையிலிருந்து இரண்டு இலக்கு, அந்த ஜன்னலிலிருந்து மூன்று, தரையோரத் துளையிலிருந்து ஒன்று என்று களம் அமைப்பவர் வெட்டிவைத்திருப்பார். கூப்பர் பெயரால் அழைக்கப்படும் தாழ்ந்த சுரங்கம் ஒன்று சில போட்டிகளில் வரும். மேலே ஒட்டாமல் அடுக்கிய மரப்பட்டிகள்தான் கூரை. முதுகோ ரைஃபிளோ பட்டு விழும் ஒவ்வொரு பட்டிக்கும் அபராதம். ஆறடி உயரம் உள்ளவர் அதில் தவழ்ந்துபோவதைப் பார்ப்பது பார்வையாளருக்கு நல்ல பொழுதுபோக்கு.

தடுப்பின் மேல்விளிம்பில் ரைஃபிளுக்கென்றே ஒரு பொறி உண்டு. ஏஆர்-15 வகையில் குறிக்கண்ணாடி குழலுக்கு ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. கண் பார்க்கும் கோடும் குண்டு போகும் கோடும் வேறு. 100 மீட்டருக்குச் சரிசெய்த ரைஃபிள் 10 மீட்டரில் பார்த்த இடத்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் கீழே அடிக்கும். கிட்டத்தில் நிற்கும் இலக்கின் தலைப்பகுதி மட்டும் தெரிந்தால், தலையின் உச்சியைப் பார்த்துச் சுட்டால்தான் நடுவில் விழும். தடுப்பைப் பொறுத்தவரை இது இன்னும் கொடுமை. கண்ணாடியில் இலக்கு தெளிவாகத் தெரியும். குழலின் வாய் மரத்துக்குப் பின்னால் இருக்கும்.

இக்கட்டுரையாளர் பார்த்த பிரிட்டிஷ் போட்டி ஒன்றில் இது முழுதாக அரங்கேறியது. இலையுதிர்காலம்; காலையிலிருந்து தூறல். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை இரண்டாக அடுக்கி மதில் செய்திருந்தார்கள், அதன் பின்னால் படுத்து 150 மீட்டரில் ஒரு இரும்புத் தகட்டைச் சுட வேண்டும். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஓடிவந்து அழகாகப் படுத்தார். சுட்டார். தகடு ஒலிக்கவில்லை. போல்ட்டை இழுத்து மறுபடி சுட்டார், ஒலிக்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கட்டையின் மேலிருந்து சிலாம்பு பறந்தது தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை; அவர் கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் வெள்ளைத் தகடு மட்டுமே. மூன்றாவதும் போன பிறகுதான் முழங்கையை உயர்த்திக்கொண்டார், நான்காவதில் தகடு விழுந்தது. முடிந்ததும் நடுவர் கட்டையருகே அழைத்துப் போய்க் காட்டினார். மழையில் கறுத்த மரத்தின் விளிம்பில் பென்சில் கனத்துக்கு மூன்று பள்ளங்கள், ஒன்றையொன்று ஒட்டி, உள்ளே புதுமரத்தின் மஞ்சள் நிறத்தோடு. குறி என்னவோ பிசகவே இல்லை. மூன்றும் ஓர் அங்குல அகலத்துக்குள் இருந்தன.

இதற்கு மருந்து எளிது: ஸ்கோப்புக்கு வெளியே இருக்கும் இடது கண்ணையும் திறந்துவைத்து, குழல் வாய் விளிம்பைத் தாண்டிவிட்டதா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வது. இடம் இருந்தால் குழல் வாயைத் தடுப்புக்கு அப்பால் நீட்டிவிடுவது இன்னும் நல்லது. உதையைக் குறைக்க முனையில் பொருத்தும் பிரேக் வாயுவைப் பக்கவாட்டில் வீசும். ஜன்னலுக்கு உள்ளேயே முனை நின்றால் அந்த வெடிப்பு மரத்தில் மோதிச் சுடுபவர் முகத்துக்கே வரும். படுத்த நிலையில் அது சேற்றைக் கிளப்பிக் கண்ணாடியில் அப்பிவிடும். நீட்டுவதற்கும் விலை உண்டு. பக்கத்து இலக்குக்கு முனையைத் திருப்பும்போது ஜன்னல் சட்டம் இடிக்கும். உள்ளே இழுத்து மறுபடி நீட்ட வேண்டும்.

ஆகவே தடுப்பை ஒட்டி நிற்பதா, ஓர் எட்டுத் தள்ளி நிற்பதா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். போலீஸ், ராணுவப் பயிற்சியில் தள்ளி நிற்கவே சொல்வார்கள். சுவரில் பட்ட குண்டு சுவரை ஒட்டியே வழுக்கி வரும், ஒட்டி நின்றால் முனை வெளியே துருத்தும் என்பது காரணம். போட்டியில் திருப்பிச் சுட யாரும் இல்லை. அதனால் தூர இலக்கு என்றால் தடுப்பை ஊன்றுகோலாக்கிக்கொள்வதே லாபம். இடது கையின் கட்டைவிரலைச் சட்டத்தில் கொக்கிபோல் மாட்டி, மற்ற விரல்களால் குழலுறையைப் பிடித்து, உடம்பின் எடையை முன்னால் அழுத்தினால் நின்ற நிலையே மண்டியின் உறுதிக்கு வந்துவிடும். மரத்தில் அழுத்துவது உறையாக இருக்க வேண்டும், குழலாக இருக்கக் கூடாது. குழல் நேரடியாக மரத்தில் பட்டால் அதன் அதிர்வு மாறி, குண்டு தடுப்புக்கு எதிர்ப்பக்கம் விலகிப்போகும். குழலைத் தொடாமல் சுற்றி நிற்கும் உறைகள் இந்தக் காலத்தில் எங்கும் வந்துவிட்டதால் பிரச்சினை குறைந்திருக்கிறது.

கிட்டத்து இலக்குகளுக்குத் தள்ளி நிற்பதே நல்லது. இரண்டடி பின்னே இருந்தால் ஒரே ஜன்னல் வழியே முனையை இடிக்காமல் வீசலாம், நிற்காமல் நடந்துகொண்டே சுடவும் செய்யலாம்.

களம் அமைப்பவர்களின் குறும்பு ஜன்னலின் உயரத்தில் இருக்கிறது. நிற்பவருக்குத் தாழ்வாகவும் மண்டியிட்டவருக்கு உயரமாகவும் வேண்டுமென்றே வெட்டுவார்கள். முழங்காலை அரையாக மடக்கினால் பத்து விநாடியில் தொடை நடுங்கத் தொடங்கும், நடுக்கம் அப்படியே குறிக்கு ஏறும். முழங்காலை மடக்காமல் இரண்டு காலையும் அகல விரித்து உடம்பைத் தாழ்த்துவதே சரியான வழி. உயரம் குறைகிறது, கால்கள் நேராகவே இருக்கின்றன, எலும்பு எடையைத் தாங்குகிறது. பார்க்க நன்றாக இராது.

தரையோரத் துளை என்றால் ரைஃபிளையே பக்கவாட்டில் கிடத்திச் சுட வேண்டிவரும். அப்போது குழலுக்கும் கண்ணாடிக்கும் உள்ள 65 மில்லிமீட்டர் செங்குத்தாக இல்லாமல் கிடையாக மாறுகிறது. குண்டின் வீழ்ச்சியை ஈடுகட்டக் குழலுக்குக் கொடுத்திருந்த மேல்நோக்கிய சாய்வு இப்போது பக்கச் சாய்வு ஆகிவிடுகிறது. 100 மீட்டரைத் தாண்டிய இலக்கில் குண்டு கீழேயும், கண்ணாடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமும் போகும். எவ்வளவு என்பதை வீட்டில் கணக்குப்போட்டுப் பயனில்லை. ஒரு பெரிய அட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்து மனத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

வலது கைக்காரருக்குத் தடுப்பின் வலது ஓரம் எளிது. ரைஃபிள் முதலில் வெளியே வரும், உடம்பு பின்னால் நிற்கும். இடது ஓரத்தில் ரைஃபிள் வெளியே வரவேண்டும் என்றால் உடம்பு முழுதும் வெளியே வந்தாக வேண்டும். பயிற்சிப் புத்தகங்கள் தோளை மாற்றச் சொல்கின்றன. தானியங்கியில் அது பழக்க விஷயம். போல்ட் இழுக்கும் ரைஃபிளில் தோளை மாற்றினால் விசையில் இடது கை, தாங்குவதில் வலது கை, கைப்பிடியோ வலப்பக்கத்தில். தாங்கும் கையையே பின்னால் கொண்டுவந்து இழுக்க வேண்டும், அதற்குள் முனை சரியும். தடுப்பில் ரைஃபிளை நன்றாக ஊன்றியிருந்தால் மட்டும் இது ஒத்துவரும். அதனால் பிரிட்டிஷ் போட்டியாளர் பெரும்பாலும் தோளை மாற்றுவதில்லை. இடது காலில் எடையைப் போட்டு, வலது கால் விரல் மட்டும் மண்ணில் பட, கோட்டைத் தாண்டாமல் வெளியே சாய்கிறார். அந்தச் சாய்வில் ஒன்றிரண்டு குண்டுதான் நன்றாகப் போகும். மூன்றாவதற்குக் கால் ஆடும்.

எந்த நிலையை எப்போது எடுப்பது என்பதைத் தீர்ப்பது மதிப்பெண் முறை. காகித இலக்கின் நடுப்பகுதிக்கு 5. அடுத்த பகுதிக்கு வலு மிகுந்த தோட்டா என்றால் 4, குறைந்தது என்றால் 3. வெளிப்பகுதிக்கு 2 அல்லது 1. வலுவுக்கும் கணக்கு உண்டு: கிரெய்னில் குண்டின் எடையை விநாடிக்கு அடிக் கணக்கிலான வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்த வகைக்கு 150, மிகுந்த வகைக்கு 320 வர வேண்டும். சாதாரண .223 முதல் வரம்பை எளிதில் தாண்டும், .308 இரண்டாவதைத் தாண்டும். மொத்தப் புள்ளியை நேரத்தால் வகுத்து வரும் எண்ணே அந்தக் களத்தின் தரம்.

ஒரு களத்தில் 80 புள்ளி, ஒருவர் 20 விநாடியில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், தரம் 4. தூரத்துத் தகட்டுக்காகப் படுத்து எழுந்ததில் இரண்டு விநாடி கூடுதலானால் 3.64 ஆகும், அதாவது ஏழு புள்ளிக்குச் சற்று மேல் கைவிட்டதற்குச் சமம். படுக்காமல் நின்றே சுட்டு, ஒரு தகட்டைத் தவறவிட்டால் வரவேண்டிய 5 போய், அபராதம் 10 சேர்ந்து, 15 புள்ளி போகும், தரம் 3.25. ஆக, நின்று சுட்டால் இரண்டில் ஒரு முறை தவறும் என்றால் படுப்பது நியாயம். பத்தில் ஒரு முறைதான் தவறும் என்றால் படுப்பது ஊதாரித்தனம். போல்ட் ரைஃபிளில் தவறிய குண்டை மறு குண்டால் திருத்தவும் நேரம் பிடிப்பதால், தராசு இன்னும் கொஞ்சம் படுத்த நிலையின் பக்கம் சாய்கிறது. தானியங்கிக்காரர் நின்று இரண்டாவது குண்டை உடனே அனுப்பிவிடுவார். ஒரே களத்தில் இரு பிரிவினரும் இரு வேறு உடம்போடு ஓடுவது இதனால்தான்.

கணக்கைப் போட வாய்ப்பு கிடைப்பது ஒத்திகை நடையில். சுடுவதற்கு முன் குழுவுக்குச் சில நிமிடம் தருவார்கள். வெறுங்கையைத் துப்பாக்கிபோல் நீட்டிக்கொண்டு பத்துப் பேர் ஒரே ஜன்னலில் குனிவதும் எழுவதும் வெளியாளுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்கள் பார்ப்பது இலக்கை அல்ல, கால் வைக்கும் இடத்தை. எந்தக் கூழாங்கல்லுக்கு நேரே இடது காலை வைத்தால் மூன்று இலக்கும் தெரியும், அடுத்த இடத்துக்குக் கிளம்ப எந்தக் காலில் எடை இருக்க வேண்டும், எந்த இலக்கைக் கடைசியாக வைத்துக்கொண்டால் சுட்டுக்கொண்டே நகரத் தொடங்கலாம். ரைஃபிளைத் தோளில் ஏற்றிக்கொண்டே நிலைக்குள் நுழைகிறவருக்கும், நின்றபின் ஏற்றுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு தடுப்பிலும் அரை விநாடி. பெரிய களத்தில் ஐந்தாறு தடுப்பு வரும்.

போட்டித் தடுப்பு கெட்ட பழக்கத்தைக் கற்றுத்தருகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. உண்மையான ஆபத்தில் இப்படிச் சாய்ந்தால் செத்துப்போவாய் என்பார்கள். அந்த வாதத்திலிருந்தே அமெரிக்காவில் 1996இல் ஐ.டி.பி.ஏ. என்ற தனி அமைப்பு பிறந்தது. முதன்மையாகக் கைத்துப்பாக்கிப் போட்டியான அதில், மேல் உடம்பில் பாதியாவது தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பாதியா, பாதிக்குக் குறைவா என்பதை நடுவர் கண்ணளவில் தீர்க்க வேண்டியிருந்ததால் சச்சரவு தீரவே இல்லை. கடைசியில், 2017 விதிப்புத்தகத்தில், அவர்களும் தரையில் கோடு போட்டார்கள். கூப்பர் வழிவந்தவர்களுக்கு இதில் ஒரு சிறு திருப்தி இருந்திருக்கும். இன்னொரு கிளை தடுப்பைக் காப்பாக நினைப்பதையே விட்டுவிட்டது. 2010களில் அமெரிக்காவில் பரவிய துல்லிய ரைஃபிள் தொடர்களில் தடுப்பு என்பது வெறும் தாங்கி. கூரை முகடு, ஏணி, டிராக்டர் டயர் என்று எதன்மேலும் ஒரு சிறு மணல்பையைப் போட்டு, அதில் ரைஃபிளை உட்கார வைத்து, நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கும் தகட்டைச் சுடுகிறார்கள். இக்கட்டுரையாளர் பார்வையில், ஐ.பி.எஸ்.சி. தடுப்பு போர்ப் பயிற்சியும் அல்ல, தாங்கியும் அல்ல. உடம்புக்குக் கொடுத்த வடிவக் கணக்கு. அதை ஒழுங்காகப் போடுகிறவர் சிப்பாயாக வேண்டிய அவசியம் இல்லை.

தடுப்பை விட்டுக் கிளம்புவது, உள்ளே வருவதைவிட ஆபத்தானது. சுடும் திசைக்கு இருபுறமும் 90 பாகைக்குள் முனை நிற்க வேண்டும், நகரும்போது விரல் விசைக்கூட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். வலது கைக்காரர் வலப்பக்கம் ஓடும்போது ரைஃபிள் தானாகவே இலக்குப் பக்கம் பார்த்திருக்கும். இடப்பக்கம் ஓடும்போது முனை ஓடும் திசையையே பார்க்கத் துடிக்கும். அதிலும் போல்ட் பாதி திறந்திருந்து, வலது கை கைப்பிடியில் இருந்தால் கட்டுப்பாடு மேலும் தளரும். அதனால் பிரிட்டனில் முதலில் போல்ட்டை மூடி, கையைப் பிடிக்குக் கொண்டுவந்து, பிறகு காலை நகர்த்தச் சொல்லிக்கொடுக்கிறார்கள். படுத்த நிலையிலிருந்து எழுவதற்கும் முறை உண்டு: வலது கை பிடியை விடாமல், இடது உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, முழங்காலை அடியில் இழுத்து, முனையை இலக்குத் திசையிலேயே நிறுத்திக்கொண்டு எழ வேண்டும். ரைஃபிளை ஊன்றுகோலாக்கி எழுந்தால் முனை வானத்தைப் பார்க்கும், சில நேரம் தோளுக்குப் பின்னாலும். 90 பாகை தாண்டினால் நடுவர் நிறுத்தச் சொல்லிக் கத்துவார். அபராதப் புள்ளி என்ற பேச்சே கிடையாது. அந்தப் போட்டி முழுவதிலிருந்தும் நீக்கம், அதுவரை சுட்ட களங்களின் மதிப்பெண்ணும் சேர்த்து.